ஏஞ்சலும் டைகர் பார்பும் ஒரே தொட்டியில்

ஏஞ்சல் மீனையும் டைகர் பார்பையும் ஒரே தொட்டியில் வளர்க்க முடியாது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். கடைக்காரர் சொன்னார். என் கணவர் சொன்னார். யூடியூபில் தொப்பி போட்ட ஒருவர் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். பார்ப் துடுக்கான மீன், ஏஞ்சலின் நீண்ட துடுப்பைக் கண்டால் கடித்துக் குதறாமல் விடாது என்பது அவர்கள் கட்சி. அது உண்மைதான், ஆனால் இரண்டு மூன்று பார்பை மட்டும் வாங்கி விட்டால்தான் அப்படி. ஒரு பட்டாளமாக விட்டால் அவை தங்களுக்குள்ளேயே துரத்தி முட்டிக்கொண்டு பொழுதைக் கழிக்கும். பக்கத்தில் ஏஞ்சல் என்று ஒன்று நீந்துவதையே கண்டுகொள்ளாது. தொட்டி பெரிதாக இருக்க வேண்டும், ஏஞ்சல் ஒதுங்க நல்ல உயரமான செடிகள் வேண்டும், அவ்வளவுதான். அண்ணாமலை நகரில் எங்கள் குவார்ட்டர்ஸ் கூடத்தில், டிவி இருக்க வேண்டிய இடத்தில் பெரிய தொட்டி வைத்து அதை நிரூபித்தும் காட்டிவிட்டேன். கடலூரில் மீன் விற்ற வீட்டுப் பெண் நான். மீனைப் பற்றி எனக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டாம் என்ற திமிர் கொஞ்சம் உண்டு.

அந்தத் தொட்டியைப் பார்த்ததும் அம்மா சிரித்தாள். துறைமுகத்தில் ஏலம் எடுத்து, முதுநகர் மார்க்கெட்டில் தரையில் உட்கார்ந்து விற்கிறவள் அவள். அப்பா போன பிறகும் ஒரு நாள் விட்டவள் இல்லை. முட்டி தேய்ந்துபோய் எழுந்து நிற்கவே ஆள் பிடிக்க வேண்டிய நிலை வந்தபோது, "இனிமே நீ மார்க்கெட்டுக்குப் போற வேலையே கெடையாது" என்று சொல்லி, பையைக் கட்டி, என்னோடு கூட்டி வந்துவிட்டேன். அவள் இங்கேயே தங்கிவிட வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

"திங்கவும் இல்ல, விக்கவும் இல்ல. எதுக்குடி மீனு?" என்றாள். அப்புறம் கண்ணாடிப் பக்கம் குனிந்து ஏஞ்சலைப் பார்த்து, "வவ்வா மீனு குட்டியாட்டம் இருக்குது பாரேன்" என்று குழைந்தாள். பார்பை அவளுக்குப் பிடிக்கவில்லை. "கோடு போட்ட பனியன் போட்ட ரவுடிப் பசங்க" என்று சொல்லிவிட்டாள்.

நானும் கணவரும் வேலைக்குப் போனால் அவள் தனி. அக்கம்பக்கத்தில் எல்லாரும் நல்லவர்கள், படித்தவர்கள். எதிரே பார்த்தால் சிரிப்பார்கள். வந்த முதல் வாரம் தெருவில் வண்டியில் மீன் கொண்டு வந்தவரை அம்மா பிடித்துக்கொண்டாள். "ஐஸுல கெடந்தத காத்தால புடிச்சதுன்னு யாருகிட்ட கத வுடற? செவுள தொறந்து காட்டு!" அந்த மனிதர் எங்கள் தெருப்பக்கம் வருவதையே நிறுத்திவிட்டார். பக்கத்து வீட்டம்மா என்னிடம் தயங்கித் தயங்கி, "அம்மாவ கொஞ்சம் மெதுவா பேசச் சொல்றீங்களா?" என்றார். சொன்னேன். அம்மாவும் மெதுவாகப் பேசினாள். அப்புறம் இன்னும் குறைத்துக்கொண்டாள். தொட்டிக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பாள். பழகிவிட்டாள் என்று கணவரிடம் பெருமையாகச் சொன்னேன்.

ஒரு நாள் சாயங்காலம் வேலை விட்டு வந்தால் தொட்டி காலியாக இருந்த மாதிரி இருந்தது. மூன்றே மூன்று பார்ப்கள். மூன்றும் சேர்ந்து ஏஞ்சலை ஒரு மூலையில் அடைத்து வைத்திருந்தன. ஏஞ்சலுக்கு அடியில் நூல் மாதிரித் தொங்கும் துடுப்பு பாதி இல்லை. வாலும் கந்தல். மற்ற பார்ப்கள் எல்லாம் குளியலறை பக்கெட்டில் சுற்றிக்கொண்டிருந்தன. பக்கத்தில் என் டீ வடிகட்டி கிடந்தது.

"யாரும்மா எடுத்தது?"

"நாந்தான். ஏலம் எடுத்த கூடைய கொட்டுனா மொதல்ல கழிவ எடுத்து அப்பால போடணும். அதுல எதெது ஜாஸ்தி அடாவடி பண்ணுதோ அத பூரா பொறுக்கிட்டேன். சாதுவா இருந்தத மட்டும் வுட்டேன். அதுவும் இப்ப இந்த ஆட்டம் ஆடுது."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "அது ஒண்ணும் ஏலக்கூட இல்ல! அதுங்களுக்கு அதுங்க கூட்டம் வேணும்மா. தங்களுக்குள்ள சண்ட போட்டுக்கிட்டு இருந்தாதான் அதுங்க நல்லா இருக்கும். பிரிச்சி தனியா வுட்டா இப்பிடித்தான் கெட்டுப்போவும்." பேசிக்கொண்டே பக்கெட்டோடு தூக்கி வந்து எல்லாவற்றையும் தொட்டியில் விட்டேன். கொஞ்ச நேரத்தில் பழைய அமளி தொடங்கிவிட்டது. ஏஞ்சல் மெல்ல நழுவிச் செடிக்குப் பின்னால் போனது. துடுப்பு வளர்ந்துவிடும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. "பாத்தியா?" என்று ஜெயித்த முகத்தோடு திரும்பினேன்.

அம்மா தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பாத்தேன். அதுங்கள கொண்டாந்து வுட்டுட்ட. என்னய எப்ப கொண்டுபோயி வுடுவ?" என்றாள்.

கோபமாகக் கேட்டிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவள் சாதாரணமாகக் கேட்டாள். முட்டியைச் சொன்னேன், டாக்டரைச் சொன்னேன், அங்கே யார் ஒத்தடம் கொடுப்பார்கள் என்றேன்.

"முட்டி இங்கயும் வலிக்குது, அங்கயும் வலிக்கும். அங்க வலிச்சா, ஏன்டி நொண்டுறன்னு கேட்டு வம்பு பண்ண நாலு பேரு இருக்காளுவ. இங்க சாப்டீங்களான்னு கேட்டுட்டு கதவ சாத்திக்கிறாங்க. மாப்ள, நீங்களே சொல்லுங்க."

அப்போதுதான் உள்ளே வந்திருந்த கணவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் செய்தித்தாளுக்குள் புகுந்துகொண்டார். இவ்வளவு செய்தும் போகிறேன் என்கிறாளே என்று எனக்கு வலித்தது. ஆனால் ஒரு பார்ப் தனியாக இருந்தால் என்ன ஆகும் என்று ஊருக்கே பாடம் நடத்துகிறவள் நான். அவள் பையை எடுத்துத் துணிகளை மடித்து வைக்க ஆரம்பித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கடலூர் பஸ் ஏறினோம். தரையில் உட்காரக் கூடாது என்று மட்டும் கறாராகச் சொல்லிவிட்டேன். முதுநகரில் இறங்கியதும் கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று வாங்கினேன். மார்க்கெட்டுக்குள் நுழைவதற்குள்ளேயே ஒரு குரல் வந்தது. "வந்துட்டாடி மகாராணி! செத்துட்டன்னு நெனச்சி ஒன் எடத்த நான் எடுத்துக்கினேன்!"

"ஏன், ஒன் எடத்துல ஒன்னய எவளும் சீண்டலயா?" என்றாள் அம்மா.

அந்தக் குரல் எழும்பியதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் குரல் அவ்வளவு பெரியது என்பதை நானே மறந்துபோயிருந்தேன். இடம் கொடு, கொடுக்கமாட்டேன், நாற்காலி போட்டு உட்கார நீ என்ன கலெக்டரா என்று நாலு பக்கமும் பிடித்துக்கொண்டார்கள். சண்டை போட்டபடியே ஒருத்தி என் கையிலிருந்து நாற்காலியை வாங்கிப் போட்டாள், இன்னொருத்தி அம்மாவின் அக்குளில் கை கொடுத்து உட்கார வைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அம்மா, மாத்திரை பையில இருக்குது, ராத்திரி..." என்று ஆரம்பித்தேன்.

"சரி சரி, நீ கெளம்பு. பஸ்ஸு போயிடும்" என்றாள், என் பக்கம் திரும்பாமலே. யாரோ அவளைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டார்கள். அவளுக்கு உடனே பதில் சொல்ல வேண்டியிருந்தது.