பந்தல் கல்லும் மந்திரித்த ஜாக்கியும்

என் அக்கா செலினின் வீட்டுக்காரர் இமானுவேல் வாயிலிருந்து "எனக்குத் தெரியாது" என்ற சொல்லை நான் ஒருநாளும் கேட்டதில்லை. பழனிசெட்டிபட்டியில் அவர்கள் வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறேன். கீழே பேசுவது அத்தனையும் என் காதில் விழும். ஆகையால் சாட்சி சொல்ல என்னைவிடத் தகுந்த ஆள் கிடையாது.

அத்தான் பிறந்தது ராயப்பன்பட்டி. அவருடைய அப்பா திராட்சைத் தோட்டம் வைத்திருந்தவர். அத்தானுக்குப் பெரியகுளத்தில் அரசாங்க அலுவலகத்தில் வேலை. காலையில் போட்ட சட்டையின் மடிப்பு கலையாமல் சாயங்காலம் வீடு திரும்புவார். அப்படிப்பட்டவருக்குத் திடீரென்று வண்டி ரிப்பேர் பார்க்கும் ஆசை வந்துவிட்டது. ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு குமுளி மலை ஏறி இறங்கியே ஓய்ந்துபோன ஒரு ஜீப்பை வாங்கி வாசலில் நிறுத்தினார். விற்றவன் தொல்லை விட்டது என்று திரும்பிப் பார்க்காமல் போனான்.

தேனியில் தடுக்கி விழுந்தால் ஒர்க்‌ஷாப். ஆனால் மெக்கானிக்குகள் எல்லாம் ஏமாற்றுக்காரர்கள் என்பது அத்தான் கண்டுபிடித்த உண்மை. போனில் வீடியோ பார்த்து ஒரு ஜாக்கி வரவழைத்தார். தள்ளிக்கொண்டு போகிற மாதிரி சக்கரமும் நீளக் கைப்பிடியும் வைத்த ஜாக்கி. சிவப்புப் பெயின்ட் கண்ணைப் பறித்தது.

"மூணு டன்னு போட்டிருக்கு பாத்தியா? இந்த ஜீப்பு ஒன்றரை டன்னுகூட வராது. அப்ப ரெண்டு ஜீப்பத் தூக்கும்" என்றார் என்னிடம். அவர் ஜாக்கி தேர்ந்தெடுத்த லட்சணம் அவ்வளவுதான். பெயின்ட், டன், முடிந்தது.

பெட்டிக்குள் ஒரு காகிதம் இருந்தது. ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான், வண்டிக்கு அடியில் நுழைவதானால் ஸ்டாண்ட் வைத்து வண்டியை அதன் மேல் இறக்க வேண்டும் என்று படம் போட்டே காட்டியிருந்தது. அத்தான் அதை எட்டாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த டிவி மேஜையின் காலுக்கு அண்டக் கொடுத்தார். மேஜைக்கு அண்டக் கொடுக்கத் தெரிந்த மனுஷர்.

அந்தோணியார் திருநாளன்று கோயில் வாசலில் வண்டிகளை மந்திரிப்பார்கள். பைக், ஆட்டோ, டிராக்டர் எல்லாம் வரிசையில் நிற்கும். அத்தான் ஜீப்பைக் கொண்டுபோனதோடு விடாமல் அதன் பானெட்டில் ஜாக்கியையும் தூக்கி வைத்தார். பங்குச் சாமியார் ஒரு நொடி அதைப் பார்த்தார். பிறகு அதன் மேலும் தீர்த்தம் தெளித்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார். அன்றிலிருந்து அது மந்திரித்த ஜாக்கி. அதற்கு மேல் ஸ்டாண்ட் என்று எவராவது பேச்செடுத்தால் விசுவாசம் இல்லாதவர் ஆகிவிடுவார்.

ஆனாலும் ஒரு பாதுகாப்பு வேண்டும் என்று அவருக்கே தோன்றியிருக்கிறது. ராயப்பன்பட்டியில் அவருடைய தம்பி திராட்சையை அழித்துவிட்டு வாழை போட்டிருந்தார். பந்தலுக்கு நட்டிருந்த கல்தூண்கள் வரப்போரம் சும்மா கிடந்தன. அத்தான் அவற்றைத் துண்டு போடச் சொல்லி ஜீப்பிலேயே ஏற்றிவந்தார்.

"எங்கப்பா காலத்துலருந்து பந்தலத் தாங்குன கல்லு. இதவிடவா கடையில விக்கிற தகரம் தாங்கிரும்?"

பந்தல் கல் நின்றது அதன் கால் மண்ணுக்குள் புதைந்திருந்ததால். இது வாசலில் செங்குத்தாக வைத்த கல் துண்டு. இந்த வித்தியாசம் எனக்கே தெரிந்தது. நான் தையல் மெஷினைத் தவிர வேறு மெஷினைத் தொட்டதில்லை.

ஒரு சனிக்கிழமை ஜீப்பின் பின்பக்கத்தைத் தூக்கிக் கல்லின் மேல் உட்கார வைத்தார். கழற்றிய சக்கரத்தை ஓரமாக உருட்டிவிட்டு ஸ்பேனர் எடுக்க உள்ளே போனார். அந்த நேரத்தில் கல் மெதுவாகச் சாய்ந்தது. ஜீப் தரையில் மோதிய சத்தத்தில் எதிர்வீட்டு அக்கம்மாள் இடுப்பில் குடத்தோடு ஓடிவந்தார். சற்று முன்பு அத்தான் படுத்துப் பார்த்த இடத்தில் ஜீப்பின் இரும்பு பதிந்து கிடந்தது.

அக்கா அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தரை சரியில்ல" என்றார் அத்தான். "அடியில பலக போட்டா நிக்கும்."

"வேணாங்க. ஒர்க்‌ஷாப்புல விடுங்க. இல்லாட்டி ஸ்டாண்டாவது வாங்குங்க."

"எனக்குச் சொல்லித் தாரியா? நீ போயி சோத்தப் பாரு."

அக்கா பார்ப்பது வீட்டுச் சோறு மட்டுமல்ல. பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். கொதிக்கிற அண்டாவை எதன் மேல் வைத்தால் நிற்கும், எதன் மேல் வைத்தால் கவிழும் என்பது அவளுக்கு அன்றாடப் பிழைப்பு. திங்கட்கிழமை பள்ளி விட்டதும் என்னையும் இழுத்துக்கொண்டு தேனிக்குப் போனாள். கடைக்காரர் பல விதமான ஸ்டாண்டுகளை எடுத்துப் போட்டார். அக்கா ஒவ்வொன்றையும் காலால் எத்திப் பார்த்தாள். உயரமாக, ஒடுக்கமாக இருந்தவற்றை ஒதுக்கினாள். கால்கள் அகலமாக விரிந்து, மேலே வண்டியின் இரும்பு நழுவாமல் உட்காரக் குழியும், இறங்காமல் பிடிக்கத் தடிமனான இரும்புப் பின்னும் உள்ள ஒரு ஜோடியை எடுத்தாள். ஒரு ஜோடி எவ்வளவு எடை தாங்கும், ஒன்று மட்டும் எவ்வளவு தாங்கும் என்று தனித்தனியாகக் கேட்டாள்.

"சார் வரலையாக்கா?" என்றார் கடைக்காரர்.

"அவுக வந்தா பெயின்ட்டப் பாத்து வாங்குவாக."

வீட்டுக்கு வந்ததும் எதிர்பார்த்தது நடந்தது. பொண்டாட்டி வாங்கிவந்த இரும்பை அத்தான் தொடுவாரா? மாடிப்படிக்குக் கீழே தள்ளிவிட்டார். கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பலகை போட உதவும் என்றார். மறுநாள் அக்கா அந்த இரண்டையும் சாக்குப் பையில் போட்டுத் தூக்கமாட்டாமல் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போனாள். திரும்பி வரும்போது ஸ்டாண்டுகளில் ஈரம் சொட்டியது.

"சாமி மந்திரிச்சுட்டாக" என்றாள்.

அத்தான் தலையைச் சொறிந்தார். மறுக்க வழியில்லை. மந்திரித்ததைச் சந்தேகித்தால் விசுவாசம் இல்லாதவர் என்பது அவரே வைத்த சட்டம்.

அடுத்த ஞாயிறு, பூசை முடிந்து வந்ததும் வேலை ஆரம்பித்தது. ஜாக்கியால் தூக்கினார், இரண்டு பக்கமும் ஸ்டாண்டை வைத்தார். ஆனால் ஜீப்பை அதன் மேல் இறக்கவில்லை. ஒரு விரல்கடை இடைவெளி விட்டு, ஜாக்கியிலேயே நிறுத்திவிட்டு, சக்கரத்தைக் கழற்றி பிரேக் பைப்பைப் பார்க்க அடியில் நுழைந்தார். ஸ்டாண்ட் பேருக்கு நிற்கட்டும், தாங்குவது நம் ஜாக்கியாக இருக்கட்டும் என்ற பெரிய மனசு. கொஞ்ச நேரத்தில் எட்டாத ஸ்பேனருக்காகக் காலை நீட்டி எத்தினார். எத்தியது ஜாக்கியின் கைப்பிடியை. கைப்பிடி திரும்பியது, ஜாக்கி பொசுக்கென்று இறங்கியது, ஜீப் டங்கென்று ஸ்டாண்டுகளில் உட்கார்ந்தது.

உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான். அசையவில்லை. வெளியே தெரிந்த இரண்டு கால்களும் அசையவில்லை. அக்கா கையிலிருந்த முறத்தைப் போட்டுவிட்டு ஓடி அந்தக் கால்களைப் பிடித்துக்கொண்டாள். நானும் ஓடினேன். அந்த மனுஷரை அவ்வளவு திட்டுகிற நானும் அப்போது அந்தோணியாரைக் கூப்பிட்டேன்.

ஊர்ந்து வெளியே வந்த அத்தான் மூச்சு வாங்கிவிட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"மந்திரிச்சது கைவிடல பாத்தியா?"

எனக்குப் பயம் போய் எரிச்சல் வந்தது. "ஜாக்கியும் மந்திரிச்சதுதான அத்தான்? அது ஏன் கைவிட்டுச்சு?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது கிருபா. வர்ற ஞாயித்துக்கிழம நன்றிப் பூச வைக்கப் போறேன். இந்த ரெண்டு ஸ்டாண்டையும் பீடத்துக்கு முன்னாடி வச்சு, சாமி மந்திரிச்ச மகிமையச் சொல்லப் போறேன்."

அக்கா எழுந்து நின்றாள். சேலையில் மண் அப்பியிருந்தது.

"சாமி மந்திரிக்கலங்க. அன்னைக்கு அவுக ஊர்லயே இல்ல. கோயில் வாசல் பைப்புல கழுவித்தான் கொண்டாந்தேன். பொய் சொன்ன பாவத்த நான் பின்னாடி சாமிகிட்டப் பாவசங்கீர்த்தனத்துல சொல்லிக்கிட்டேன்." ஸ்டாண்டுகளின் பக்கம் கையை நீட்டினாள். "உங்களத் தாங்குனது இரும்பு. அதப் பாத்துப் பாத்து வாங்கியாந்தது நான். நன்றி சொல்றதா இருந்தா இங்கன சொல்லுங்க."

அத்தான் குழாயடிக்குப் போய் வெகுநேரம் கை கழுவினார். நன்றிப் பூசை நடக்கவில்லை. அக்காவுக்கு நன்றியும் வரவில்லை.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஜீப் தூக்கப்படுகிறது. பந்தல் கற்கள் துணி துவைக்கப் போய்விட்டன. அத்தான் ஜீப்பை ஸ்டாண்டில் முழுதாக இறக்கிவிட்டு, அடியில் நுழையும் முன்பு சமையலறைப் பக்கம் பார்த்து, "செலினு, இத வந்து ஒருக்காப் பாத்துட்டுப் போ" என்கிறார். அக்கா ஈரக் கையோடு வந்து குனிந்து ஸ்டாண்டின் இரும்புப் பின்னைப் பார்க்கிறாள். ஜீப்பை இரண்டு கையாலும் ஒரு தள்ளு தள்ளிப் பார்க்கிறாள். பிறகு, "ம், போங்க" என்கிறாள். அதன் பிறகுதான் நுழைகிறார்.

அதுதான் அவுக நன்றி என்கிறாள் அக்கா. கண்ணாலம் கட்டினதிலிருந்து அவுக என்னை எதற்கும் கூப்பிட்டுக் கேட்டதில்லை என்றும் சொல்கிறாள், ஏதோ நகை போட்டுக்கொண்ட முகத்தோடு. நானாக இருந்தால் நன்றி என்ற அந்த ஒரு சொல்லை வாயால் சொல்லும்வரை அத்தானை ஜீப்புக்கு அடியில் விட்டிருக்க மாட்டேன்.