கற்றாழைக்கு ஊற்றிய தேத்தண்ணி

அண்ணி வைத்துவிட்டுப் போன பூச்சாடியில் கற்றாழை வாடித் தெரிகிறதே என்று ஒரு மடலைத் தொட்டேன். கையோடு கழன்று வந்தது. அடியெல்லாம் அழுகி, அவித்த வெங்காயம் போல் கொழகொழவென்று இருந்தது. வந்த ஆத்திரத்தை யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் நின்றேன். அண்ணி செத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

எங்கள் வட்டவளைத் தேயிலைத் தோட்டத்தில் மழை விட்ட நாளைவிட விடாத நாளே அதிகம். அதனால் அண்ணி அந்தச் சாடியை வெளியே வைத்ததே இல்லை, அடுப்படி ஜன்னலில்தான் வைத்திருந்தார். தண்ணீர் ஊற்றுவதும் அபூர்வம். கேட்டால், "காத்துலயே ஈரம் சொட்டுது, இதுக்குத் தனியா வேற ஊத்தணுமாக்கும்" என்பார். கொழுந்து பறித்து வெடித்த என் விரல்களுக்கு மடலை அரிந்து உள்ளிருக்கும் சோற்றைத் தடவிவிடுவது அவர்தான். லயத்து வரிசை வீடுகளில் கையைச் சுட்டுக்கொண்ட பிள்ளைகளும் அவர் குடியிருந்த காம்பராவுக்குத்தான் ஓடும்.

அந்தக் காம்பராவில் இப்போது என் அண்ணன் மட்டும் இருக்கிறார். காலையில் தானே தேத்தண்ணி போட்டு, முதல் கோப்பையைக் கற்றாழைக்கு ஊற்றிவிட்டுத்தான் குடிக்கிறார். அண்ணி உயிரோடிருந்தபோது ஒரு நாளாவது ஊற்றிக் கொடுத்திருப்பாரா? அண்ணி காய்ச்சலில் படுத்த அன்றுகூட, "தேத்தண்ணி எங்க?" என்று கேட்ட மனுஷன்!

செடியைப் பிடுங்கி அழுகின வேரை அரிந்தேன். வெட்டுவாய் காயும்வரை என் அடுப்புக்கு மேலே வைத்திருந்து, மணல் கலந்து நட்டு, பழையபடி அவர் ஜன்னலில் கொண்டுபோய் வைத்தேன். "ஊத்தாதீங்கண்ணே" என்று தரையைப் பார்த்துச் சொன்னேன். தலையாட்டினார். மறுநாள் போய்ப் பார்த்தால் மணலில் ஆவி பறக்கிறது.

"சூட்டோடயா ஊத்துனீங்க?"

"ஆறிப்போனா அவளுக்குப் புடிக்காதேம்மா."

அண்ணனை எதிர்த்து ஒரு சொல் பேசாதவள் நான். அன்றைக்கு என்ன வந்ததோ, கத்திவிட்டேன். "அவிச்சுக் கொல்றீங்களே! அது கத்தாழ, அண்ணி இல்ல. ஊத்தியே ஆகணும்னா எனக்கு ஊத்துங்க!"

வாசலில் நின்ற பக்கத்து வீட்டுக்காரி, "அட, இந்த ஊமைக்கு வாய் இருக்கா?" என்று சிரித்தாள். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அண்ணன் உள்ளே போய்விட்டார்.

இப்போது தினமும் விடியற்காலையில் என் கதவைத் தட்டுகிறார். சீனியை அள்ளிப் போட்ட, தூள் மிதக்கிற தேத்தண்ணி. வாயில் வைக்க முடியவில்லை. குடித்து முடிக்கும்வரை நகரமாட்டார். செடியின் நடுக்குருத்து மட்டும் பச்சையாக இருக்கிறது. வேர் பிடித்ததா என்று அசைத்துப் பார்க்கவும் பயம். ஒரு வாய் மிச்சம் வைத்தால் போதும், அவர் கண் தன் ஜன்னல் பக்கம் போகிறது. வேறு வழியில்லாமல் அடிமண்டிவரை குடித்துவிட்டு வெறும் கோப்பையைக் கொடுக்கிறேன்.