இத்தாவுக்குள் வந்த வியாழக் கோள்

என் கணவர் நோன்பு மாதத்தின் கடைசிப் பத்து நாளில் மௌத்தானார். அடக்கிவிட்டு வந்த அன்றே அவருடைய மூத்த சகோதரி, எனக்கு மதினி, எங்கள் வீட்டு ஜன்னல்களுக்கெல்லாம் பழைய படுக்கை விரிப்புகளை ஆணியடித்து மாட்டினார். கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் இத்தாவை நான் நாலு மாதமும் பத்து நாளும் இருக்க வேண்டும். அதில் எனக்கு மறுப்பில்லை. அல்லாஹ் சொன்னதில் ஒரு நாளையும் குறைக்க மாட்டேன். ஆனால் மதினியின் இத்தாவில் அல்லாஹ் சொல்லாததும் நிறைய இருந்தது. கண்ணாடி பார்க்கக் கூடாது. முற்றத்துக்கு இறங்கக் கூடாது. வானத்தை அண்ணாந்து பார்க்கவே கூடாது.

"வானத்துல என்ன மதினி இரிக்கி?"

"பிறை இரிக்கி. பிறை ஆம்பிள. இத்தாவுல ஆம்பிளயப் பாக்கக் கூடாது."

"அப்ப செவுத்துல ஓடுற பல்லி?"

"வாயப் பொத்து. மௌத்தான ஊட்ல பகிடியா விடுறாய்?"

பகிடியாகத்தான் கேட்டேன். ஆனால் எனக்கு அந்த வானம் உண்மையாகவே தேவைப்பட்டது.

முந்திய வருடத்து அரஃபா நோன்பு, ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முதல் நாள். சண்டை முடிந்து இரண்டு வருடம் கடந்திருந்தது. ஊருக்குக் கிழக்கே, கடல்நீர் தேங்கும் களப்பின் கரையில் அவருடைய வள்ளத்தின் ஓரத்தில் உட்கார்ந்து இருவரும் நோன்பு திறந்தோம். முதுகுப் பக்கம் கடலில் சூரியன் இறங்கியது. முன்னால், களப்புக்கு மேலே, கண்ணைக் கூசச் செய்யும் ஒரு ஒளிப் புள்ளி ஏறியது. பேரீச்சம்பழத்தை வாயில் வைத்தபடியே அவர், "இது திரும்ப எப்ப இப்பிடி சூரியனுக்கு நேருக்கு நேர் நிக்கும்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து உயர்தர வகுப்பில் கணிதம் படிக்கும் மகளைக் கேட்டேன். "அது நட்சத்திரமில்ல உம்மா, வியாழக் கோள். கணக்குப் போட்டா நாள் வரும்" என்றாள். ஒருவரும் போடவில்லை. அவர் கேட்டதையே மறந்துவிட்டு வலை பொத்தப் போய்விட்டார். பிறகு ஆளே இல்லாமல் போனார். பதில் சொல்லப்படாமல் கிடந்த அந்தக் கேள்விதான் இத்தா அறையில் எனக்குத் துணையாக இருந்தது.

சண்டைக்குள் முஸ்லிம்களெல்லாம் மன்னாரை விட்டு வெளியேற்றப்பட்ட வருடம் எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. மகளின் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு, அவளை அரித்தெடுத்துத்தான் விளங்கினேன். ஒரு முழுச் சுற்று முந்நூற்று அறுபது பாகை. பூமி அதை ஒரு வருடத்தில் முடிக்கிறது, மாதத்துக்கு முப்பது பாகை. வியாழனுக்கு ஏறக்குறையப் பன்னிரண்டு வருடம் வேண்டும், மாதத்துக்கு இரண்டரைப் பாகைதான். இதற்குப் பெயர் கோண வேகம். இரண்டும் ஒரே பக்கமாகத்தான் சுற்றுகின்றன. என்ஜின் வள்ளம் பாய் வள்ளத்தை முந்தும்போது பார்க்க வேண்டியது இரண்டின் வேகத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும்தான். மாதத்துக்கு இருபத்தேழரைப் பாகை. பூமி ஒரு முழுச் சுற்று முந்தினால் பழைய நிலை திரும்பும். முந்நூற்று அறுபதை அதால் பிரித்துப் பார்த்தேன். பதின்மூன்று மாதமும் ஏறக்குறைய மூன்று நாளும். அரஃபாவிலிருந்து எண்ணினால் முஹர்ரம் மாதம் பன்னிரண்டாம் நாள். இத்தாவுக்குள் விழுந்தது.

கடதாசியை மதினி கண்டுவிட்டார்.

"கோள் பாக்குறாயா? சாத்திரமா? இது ஷிர்க்கு புள்ள!"

அல்லாஹ்வுக்கு இணை வைக்கிறேனாம். ஐந்து நேரத் தொழுகையை விடாதவள் நான்.

"சாத்திரம் எண்டா எனக்கு என்ன நடக்கும் எண்டு கோளுட்ட கேக்குறது. நான் கோள் எங்க நிக்கும் எண்டு கேக்குறன். கணக்கோடதான் அல்லாஹ் அத ஓடவிட்டிருக்கான். எண்ணிப் பாத்தா என்ன குத்தம்?"

பெண்களுக்கு ஓதிக்கொடுக்கும் ஆலிமா அந்தக் கிழமை வந்தபோது, மதினி முன்னாலேயே கேட்டேன். "முற்றமும் ஊடுதான். வானத்தப் பாக்கக் கூடாதெண்டு மார்க்கத்துல இல்ல" என்றார் அவர். "கிதாபு வேற, ஊர் வாய் வேற. நாளைக்கு மகளுக்கு மாப்புள தேட வேணாமா?" என்றார் மதினி.

முஹர்ரம் பன்னிரண்டு அன்று, சூரியன் மறையும் மஃரிபு நேரத்தில், நான் முற்றத்தில் இறங்கினேன். மழைக்காலம்தான் என்றாலும் அன்று வானம் வெளித்திருந்தது. பாங்கு சொல்லி முடிந்தும் கிழக்கில் ஒன்றுமில்லை. வாசலில் நின்ற மதினி, "எங்க உன்ட கோள்? பஸ்ஸ விட்டுட்டோ?" என்று சிரித்தார். முகம் எரிய உள்ளே போய்விட்டேன்.

இரண்டு நாள் அந்தக் கடதாசியைத் தொடவில்லை. மூன்றாம் நாள் மகள்தான், "உம்மா, எந்த மாசத்தால எண்ணினீங்க?" என்று கேட்டாள். எந்த மாதத்தாலா? இத்தாவைப் பிறையால் எண்ணிக்கொண்டிருந்த அதே விரல்களால் கோளையும் எண்ணியிருந்தேன். பிறை வருடம் சூரிய வருடத்தைவிடப் பதினொரு நாள் சின்னது. அதனால்தானே நோன்பு வருடா வருடம் முந்தி வருகிறது. பதின்மூன்று மாதத்துக்குப் பன்னிரண்டு நாள் பிந்தும். முஹர்ரம் இருபத்திநாலு. அப்போதும் இத்தா முடிய ஏழு நாள் இருந்தது.

இருபத்திநாலாம் நாள் மஃரிபுக்கும் இறங்கினேன். மதினி இந்த முறை சிரிக்கவில்லை. கெஞ்சினார்.

"ஒரு கிழமதானே புள்ள. இத்தா முடிய, ஆசை தீரப் பாரன். ஆர் வேணாமெண்டது?"

"ஒரு கிழம போனா மஃரிபுக்கு அது இன்னும் மேல ஏறிரும். அவர் கேட்டது அதில்ல. மத்தது, மதினி, அல்லாஹ் தடுக்காதத நீங்க தடுத்தீங்க எண்டு நான் அடங்கிக் கிடந்தா, நாளைக்கு என்ட மகளையும் இப்பிடித்தான் இருட்டுல வெப்பீங்க. நான் ஒத்துக்க மாட்டன்."

அவர் வாசல் நிலையில் சாய்ந்துகொண்டார். உள்ளே போகவில்லை.

களப்பின் மேல் கருமேகம் கிடந்தது. பாங்கு ஒலித்துக்கொண்டிருக்கும்போது அதன் கீழ் விளிம்பு கிழிந்தது. தகர வேலிக்கு மேலே, அவர் பார்த்த அதே உயரத்தில், அது நின்றது. "வந்திட்டு பாருங்க" என்று சத்தமாகவே சொன்னேன். யாரிடம் சொன்னேன் என்று மதினி கேட்கவில்லை.

"சரி, பாத்தாச்சே. உள்ள வந்து தொழு."

"இஞ்சயே தொழுறன்."

மகள் முசல்லாவைக் கொண்டுவந்து ஈர மணலில் விரித்தாள். தொழும் திசையான கிப்லா எங்களுக்கு மேற்கே. அத்தனை நாள் எண்ணிக் காத்திருந்த கோளுக்கு முதுகைக் காட்டி நின்று, நான் தக்பீர் கட்டினேன்.