பாஸ்டன் கப்பலில் ஒரு வாரியல்

எங்கள் பங்குக் கோயில் திருவிழா நாடகத்தைப் பல வருஷங்களாக ஒரே மனிதர்தான் எழுதிவந்தார். ஆண்டுதோறும் ஒரு புனிதருக்குத் தலை போகும், அரசன் மனம் திருந்துவான், திரை விழும். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதால் வாய்ப்பு என் பக்கம் வந்தது. தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் சரக்குக் காகிதங்கள் தயார் செய்கிறவள் நான். எனக்கு எழுத வரும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கமிட்டிக்குத்தான் இருந்தது. அமெரிக்கா சுதந்திரம் வாங்கிய கதையை எழுதப்போகிறேன் என்றதும் கமிட்டித் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஏளா, அங்கன இருந்தவனும் வெள்ளக்காரன்தானே? யாரு யார வெரட்டுதான்?"

"கடலுக்கு அந்தப் பக்கம் உக்காந்துக்கிட்டு, ஒரு வார்த்தை கேக்காம வரி போட்டா, சொந்த ராஜாவா இருந்தாலும் விடுவாங்களா அண்ணாச்சி?"

"எழுது, எழுது. சனம் கெக்கெக்கேன்னு சிரிச்சிட்டுன்னா அடுத்த வருஷம் நாடகம் பழைய ஆளுக்குத்தான். இப்பமே சொல்லிட்டேன்."

சம்மதம் என்றேன். எனக்குத் தோற்றுப் பழக்கமில்லை.

மூன்று காட்சிகள். முதலில் பாஸ்டன் துறைமுகத்தில் வரி போட்ட தேயிலையைக் கடலில் எறிவது. அடுத்தது போர். உழுதுகொண்டிருந்தவன் துப்பாக்கி தூக்குகிறான், காலில் செருப்பில்லாமல் பனியில் நடக்கிறான், தோற்கிறான், மறுபடி வருகிறான். கடைசியில் பிரெஞ்சுக் கப்பல்கள் வந்து கடல் வழியை அடைத்துக்கொள்ள, தப்ப வழியில்லாமல் ராஜாவின் படை சரணடைகிறது. முதல் காட்சி எடுபட்டால் மற்றதெல்லாம் தானாக ஓடும் என்று கணக்குப் போட்டேன்.

எறிவதற்கு நிஜமான ஆட்களைப் பிடித்தேன். பழைய துறைமுகத்தில் மாலத்தீவுக்குப் போகும் தோணிகளில் சரக்கு ஏற்றி இறக்குகிறவர்கள் பத்துப் பேர், அவர்களுடைய மேஸ்திரி ஒருவர். பெட்டிகளில் மணலை நிரப்பச் சொன்னதும் அவர்தான். காலிப் பெட்டியைக் கனம்போலத் தூக்கினால் முன்வரிசையில் இருப்பவனே ஊளையிடுவான், எல்லாரும் அதே தொழில்காரர்கள் என்றார். நியாயம்தான். மேடைக்கு முன்னால் பள்ளத்தில் பழைய வலைகளைக் குவித்து நீலத்துணி விரித்தோம். அதுதான் கடல்.

முதல் ஒத்திகையில் "எறியுங்க!" என்று கத்தினேன். பத்துப் பேரும் வரிசையாக நின்று, பெட்டியைக் கைக்குக் கை மாற்றி, கடைசி ஆள் குனிந்து, தூங்குகிற பிள்ளையைப் பாயில் கிடத்துவதுபோலக் கடலில் வைத்தான். அடுக்கி வேறு வைத்தான்.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "அண்ணாச்சி, இது புரட்சி! லோடு இறக்குற வேலை இல்ல!"

மேஸ்திரி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தங்கச்சி, சரக்க எறிஞ்சா மறுநாள் எவனும் வேலைக்குக் கூப்பிட மாட்டான். சின்னதுலருந்து அப்படியே பழகிட்டு. கை கூசுது."

நான்கு ஒத்திகைக்குப் பிறகு ஒருவழியாகக் கூச்சம் போனது. ஆனால் அடுத்த தொல்லை வந்தது. எறிந்து முடித்ததும் மேஸ்திரி ஓரத்தில் இருந்த வாரியலை எடுத்து, சிந்திய மணலைக் கூட்ட ஆரம்பித்தார். கேட்டால், தளத்தைக் கூட்டிக் கொடுக்காமல் தோணியை விட்டு இறங்குவது அவர்களிடம் வழக்கமே இல்லையாம். ராஜாவை எதிர்த்துவிட்டு எவனாவது வாரியலைத் தூக்குவானா? வாரியலைப் பிடுங்கி கோயில் ஸ்டோர் ரூமில் வைத்துப் பூட்டினேன். சாவியை என் கைப்பையில் போட்டேன்.

திருவிழா அன்று மாலை செபம் முடிந்து நாடகம் தொடங்கியது. பெட்டிகள் பறந்தன. விசில் காதைக் கிழித்தது. நான் கமிட்டித் தலைவரைப் பார்த்துச் சிரித்தேன். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் மேஸ்திரி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, மேடையில் குந்தி உட்கார்ந்து, அதாலேயே மணலைக் கூட்டினார். பின்னாலேயே மற்ற பத்துப் பேரும்.

கூட்டத்தில் எங்கேயோ ஒருவன் சிரித்தான். பிறகு இன்னும் பலர். போச்சு, எல்லாம் போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

அப்போது மேஸ்திரியின் குரல் கேட்டது. கப்பல் அதிகாரியாக நடித்தவனிடம், நான் எழுதாத வசனத்தைப் பேசிக்கொண்டிருந்தார்.

"ஐயா, எங்க சண்ட வரியோடதான். ஒம்ம கப்பலோட இல்ல. தேயிலையத் தவிர ஒரு சாமானத் தொட்டிருக்கமான்னு பாத்துச் சொல்லும்."

சிரிப்பு நின்றது. அதிகாரியாக நடித்தவன் திகைத்து, நிஜமாகவே சுற்றிப் பார்த்து, "இல்ல," என்றான். முன்வரிசையில் இருந்த தோணிக்காரர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். அதற்கப்புறம் பனியில் நடந்தவனுக்கும் பிரெஞ்சுக் கப்பலுக்கும் கிடைத்த மரியாதையைச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த வருஷ நாடகம் எனக்கே என்று தலைவர் அங்கேயே சொல்லிவிட்டார்.

மறுநாள் பொறுக்காமல், நாடகத்துக்காகப் பாதி மட்டும் படித்திருந்த அமெரிக்க வரலாற்றுப் புத்தகத்தை எடுத்து மீதியையும் படித்தேன். பாஸ்டனில் தேயிலையை எறிந்தவர்கள் போகுமுன் கப்பல் தளத்தைக் கூட்டினார்களாம். உடைந்துபோன ஒரு பூட்டுக்குப் பதில் புதுப் பூட்டும் கொடுத்தார்களாம். வேறெதற்கும் சேதமில்லை என்று கப்பல் அதிகாரி வாயாலேயே சொல்ல வைத்தார்களாம். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

பழைய துறைமுகத்துக்குப் போய் மேஸ்திரியிடம் புத்தகத்தைத் திறந்து காட்டினேன். வெங்காய மூட்டைகள் ஏறிக்கொண்டிருந்த தோணியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டார்.

"பின்ன? அவனுவளும் மறுநாள் வேலைக்குப் போவணும்லா," என்றார். "சரி, கோயில் ஸ்டோர் ரூம் சாவி ஒங்கிட்டதான் இருக்காம். பங்குச் சாமியார் ரெண்டு நாளா வாரியலத் தேடுதாரு."