தலைமாட்டிலிருந்து பார்த்த மீன்

வாய்மொழித் தேர்வில் நான் தோற்றது ஒரே ஒரு கல்லீரலால்.

சிடி ஸ்கேன் எடுக்கப் பழகும் படிப்பு அது. உடம்பைக் குறுக்குவாட்டில் சீவிச் சீவிக் காட்டும் படங்களில் எது எந்த உறுப்பு என்று சொல்ல வேண்டும். தேர்வாளர் திரையில் ஒரு வயிற்றுப் படத்தைப் போட்டு, இடது ஓரத்தில் பெரிதாக அடைத்துக்கொண்டு கிடந்ததைக் காட்டினார்.

"இது என்னம்மா?"

"மண்ணீரல் சார். ரொம்ப வீங்கியிருக்கு" என்று அடித்துச் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அது கல்லீரல்மா. நல்லாத்தான் இருக்கு. நல்லா இருக்கற ஆளுக்கு நீ நோய் கொடுத்துட்ட."

தருமபுரியில் பஸ் ஏறிப் பென்னாகரம் வரை அழுதேன். அதற்கப்புறம் அழுகை நின்று வீம்பு வந்தது.

அம்மா ஒகேனக்கல்லில் மீன் வறுத்துக் கொடுப்பவள். அருவி பார்க்க வருகிறவர்கள் மீனை வாங்கிக் கொடுத்தால், அறுத்து மசாலா தடவி வறுத்துத் தருவாள். நான் சொன்னதைக் கேட்டவள் அடுப்பைத் தணித்துவிட்டு, "இன்னொரு தடவ எழுது கண்ணு. அதுலயும் போச்சுன்னா இங்க என்கூட வந்து நில்லு. நான் ஒண்ணும் கொறையா நெனைக்க மாட்டேன்" என்றாள். திட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். அந்த ஆறுதல்தான் என்னைச் சுட்டது. அடுப்பங்கரைக்கு நான் வரப்போவதில்லை என்று அன்றே முடிவு கட்டினேன்.

இத்தனைக்கும் நான் படித்ததே அவள் மீனை வைத்துத்தான். புத்தகப் படம் மண்டையில் ஏறவில்லை. அம்மா தலையை முதலில் வெட்டி, அங்கிருந்து வால் வரை வட்டத் துண்டுகளாகப் போடுவாள். அவற்றை வரிசை கலையாமல், தலைப்பக்கம் என் முகத்தைப் பார்க்கும்படி தட்டில் வைப்பேன். மல்லாந்து படுத்த ஆளைப் போல வயிறு மேல்பக்கம், முள் கீழ்ப்பக்கம். குடலெடுத்த மீனாயிற்றே, அதனால் மீனின் வலப்பக்கச் சதையில் கல்லீரலுக்கு ஒரு பூண்டுப் பல்லைக் குத்துவேன், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தெரியும்படி. மண்ணீரலுக்கு இடப்பக்கம் ஒரு மிளகு.

"என்னங்கம்மா, உங்க பொண்ணு மீனுக்கு ஆபரேசன் பண்ணுதா?" என்று சாப்பிட வந்தவர்கள் கிண்டலடிப்பார்கள். சிரிச்சுட்டுப் போங்க என்று விட்டுவிடுவேன்.

தோற்ற பிறகும் அதே தட்டோடுதான் உட்கார்ந்தேன். செல்போனில் படத்தை வைத்துக்கொண்டு துண்டைப் பார்த்தால், பூண்டு வலது ஓரத்தில் இருக்கிறது, படத்தில் கல்லீரல் இடது ஓரத்தில். எனக்குப் பைத்தியமே பிடித்துவிடும் போலிருந்தது.

"பசியோட ஆளுங்க நிக்கறாங்கடி" என்று அம்மா அந்தத் துண்டைப் பிடுங்கி எண்ணெயில் போட்டாள். ஒரு பக்கம் வெந்ததும் கரண்டியால் புரட்டினாள். பூண்டு இடது ஓரத்துக்குப் போய்விட்டது.

"ம்மா, தொடாத! அப்படியே வுடு!"

"கையச் சுட்டுக்கிட்டியாடி?"

"இல்லம்மா! இத்தன நாளா நான் தலைமாட்டுல நின்னு பாத்திருக்கறேன். ஸ்கேன் கால்மாட்டுல நின்னு பாக்குது!"

"அதுக்கு ஏன்டி இந்தக் கத்து கத்தற? திருப்பிப் போட்டா ஆச்சு."

வகுப்பிலும் சொல்லித்தான் இருந்தார்கள். நோட்டில் நானே எழுதியும் வைத்திருந்தேன். ஆனால் தலையிலிருந்து வெட்டிய மீனைப் பார்த்துப் பழகிய கண், நோட்டை எங்கே மதித்தது! அன்றிலிருந்து ஒவ்வொரு துண்டையும் திருப்பிப் போட்டேன். நுரையீரல் முடியும் இடம், சிறுநீரகம் தொடங்கும் இடம், எல்லாவற்றையும் கால்மாட்டிலிருந்து. பஸ்ஸில் எதிர் சீட்டில் தூங்குகிறவரைக்கூட மனசுக்குள் படுக்க வைத்துக் காலடியில் போய் நின்றேன்.

அடுத்த தேர்வுக்கும் அதே தேர்வாளர்தான் வந்தார். வேண்டுமென்றே அதே படத்தைப் போட்டார்.

"கல்லீரல் சார். நல்லா இருக்கு."

"போன தடவ மண்ணீரல்னியேம்மா?"

"அப்ப தலைமாட்டுல நின்னேங்க. இப்ப கால்மாட்டுக்கு வந்துட்டேன்."

அவர் சிரிக்கவில்லை. மேலும் பல படங்களைப் போட்டார். ஒன்றிலும் நான் தடுமாறவில்லை.

முடிவு வந்ததும் அம்மாவுக்குப் போன் செய்தேன். அந்தப் பக்கம் எண்ணெய் பொரிந்துகொண்டிருந்தது.

"அப்ப நீ இந்த அடுப்புக்கிட்ட வர வேண்டியதில்ல" என்றாள். சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள். வந்து நில் என்று அவ்வளவு சாதாரணமாகச் சொன்னவள், நான் வந்துவிடுவேனோ என்று அத்தனை நாளும் பயந்துகொண்டே இருந்திருக்கிறாள்.