பெட்டிக்காரர் கேட்ட பாட்டு

ஜெயமங்கலத்துப் பிச்சைமணி வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனால், த்ரீபேஸ் கரண்ட் வரும்வரை மோட்டார் ரூமில் உட்கார்ந்து போனில் பாட்டுக் கேட்பார். ஐந்நூறு வருசத்துக்கு முன்னால் ஐரோப்பாவில் மாதா கோயில்களில் பாடிய லத்தீன் பாட்டு. தாளமில்லை, மேளமில்லை, வெறும் தொண்டைகள். ஒரு வார்த்தை புரியாது. ஒரு குரல் பாய்ந்து நிறைவதற்குள் மடை திறந்துவிட்டது போல அடுத்த குரல் வரும். கரண்ட் வந்தது கூடத் தெரியாமல் மனுசன் உட்கார்ந்திருப்பார். தேடாமலே போன் தானாக இழுத்துக்கொண்டு வந்த சனியன் என்று மனைவி சங்கிலியம்மாள் திட்டுவாள்.

அதே பிச்சைமணிதான் மாசிச் சிவராத்திரிக்குக் குலசாமியின் துணிமணி, நகை வைத்த பெட்டியை ஊரிலிருந்து கோயிலுக்குத் தலையில் சுமப்பவர். அப்பாவுக்குப் பிறகு அவருக்கு வந்த உரிமை; அதில் அவருக்குக் கர்வமும் உண்டு.

இந்த மாசியில் பெட்டியைத் தொடப் போனவரைப் பெரியப்பா மகன் நாகராஜ் மறித்தார்.

"ஏலே பிச்சைமணி, நீ வேதத்துல சேந்து கிறிஸ்தவனாயிட்டேன்னு ஊரே பேசுது. சாமி பெட்டிய எப்படித் தொடுவ?"

"பாட்டுத்தாண்ணே கேட்டேன். சேரலை."

"அப்பச் சூடத்த அணைச்சு சத்தியம் பண்ணு. சேரலைன்னு சொல்லு. இனிமே அதக் கேக்கவும் மாட்டேன்னு சொல்லு."

முதலாவது லேசு. இரண்டாவது லேசில்லை. பங்காளிகள் யாரும் அவர்மேல் இருந்து கண்ணை எடுக்கவில்லை. எரியும் சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தார்.

"கேக்க மாட்டேன்."

பெட்டி தலைக்கு ஏறியது. சுமப்பவர் கோயில்வரை வாய் திறக்கக் கூடாது. ஊர் எல்லை தாண்டினால் மேளமும் நின்றுவிடும். வெயிலில் கால் சுட்டது. வாய்க்கால் கரையில், அந்தச் சத்தமில்லாத நடையில், மண்டைக்குள் முதல் குரல் கிளம்பியது. பதறிப்போனார். சாமி பேரை மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். அதற்குள் இரண்டாவது குரல் வந்து சேர்ந்தது. பெட்டியை இறக்கவும் வழியில்லை, யாரிடமும் சொல்லவும் வழியில்லை. ஒரு இழுப்புக் கூடப் பிசகாமல் எல்லாக் குரலும் வந்தன. பாழாய்ப்போன பாட்டு, அன்றைக்கென்று அவ்வளவு அழகாக இருந்தது.

கோயிலில் பெட்டியை இறக்கியதும் நாகராஜ் திருநீறு பூச வந்தார். பிச்சைமணி நெற்றியைக் காட்டவில்லை.

"அண்ணே, சத்தியம் தப்பிருச்சு. வழிநெடுகக் கேட்டுக்கிட்டேதான் வந்தேன்."

"போனு வீட்டுலல்ல கெடக்கு?"

"அங்கனதான் கெடக்கு. தலைக்குள்ள கேட்டுச்சு."

நாகராஜ் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "யாருக்கும் தெரியாதுல்ல. பேசாம இரு."

"சாமி தலை மேலல்ல இருந்துச்சு. அதுக்கும் கேட்டிருக்கும்ணே" என்றார் பிச்சைமணி. "திரும்பிப் போகையில பெட்டிய நீங்க தூக்குங்க."

சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குப் பின்னால் போய் நின்று அழுதார்.