பானட்டுக்கு முன்னால் வாண்டா

வாண்டா பியெட்ரோவ்ஸ்கியின் உயரம் நாலடி பத்தங்குலம். எங்கள் ஒஹாயோ ஊரின் தொடக்கப் பள்ளி முனையில் பத்தொன்பது ஆண்டுகளாக, கையில் 'நில்' பலகையோடு பிள்ளைகளைச் சாலையைக் கடக்க வைக்கிறார். யாருக்குப் பல் விழுந்தது, யார் வீட்டு நாய் குட்டி போட்டது, எல்லாம் அவருக்குத் தெரியும். என் மகளின் ஷூ நாடாவை நான் கட்டியதைவிட அவர் கட்டியதே அதிகம்.

அவர் வேலைக்கு வந்தபோது கார்களின் பானட் அவர் இடுப்பளவு இருந்தது. இன்று கழுத்தளவு. பிள்ளைகள் ஆண்டுதோறும் அதே உயரத்தில்தான் வருகிறார்கள். வண்டிகள்தான் வளர்ந்துகொண்டே போகின்றன. ஏன் இவ்வளவு பெரிதென்று கேட்டால், எல்லாப் பெற்றோரும் பிள்ளையின் பாதுகாப்பு என்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர் பெரிதாக வாங்கிவிட்டார், மோதினால் என் பிள்ளை என்னாவது? ஆகவே அதைவிடப் பெரிதாக ஒன்று. நடந்து வரும் பிள்ளையைப் பற்றி ஒருவருக்கும் நினைப்பில்லை. இதற்குப் பாசம் என்று பெயர். படித்தவர்கள் நிறைந்த ஊர்!

செப்டம்பர் தொடக்கத்தில், கூரை வேலை செய்யும் டாரெல் ஹட்ச்கின்ஸ் மகளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது அவருடைய பிக்கப் வண்டி வாண்டாவை இடித்தது. பலகை நசுங்கியது. வாண்டாவின் முழங்கையில் தோல் உரிந்தது. ஈ எறும்புக்கும் தீங்கு நினைக்காத டாரெல் குதித்து இறங்கினார்.

"மிஸ் வாண்டா, சத்தியமா நான் உங்களப் பாக்கவே இல்ல!"

"அவ்ளோ ஒசரத்துல உக்காந்துக்கிட்டு நீ எங்க கண்ணு பாப்ப? உனக்கு மேகந்தான் தெரியும்."

அங்கே சிரித்த வாண்டா மாலையில் என்னிடம் சிரிக்கவில்லை. "நான் கூப்பிட்டா பிள்ளைங்க நம்பி ரோட்டுல கால வெக்கிதுங்க. என்னையே தெரியலன்னா அதுங்க எப்படித் தெரியும்? இதச் சரிபண்ணலன்னா நான் வேலைய விட்டுடறேன்."

முனையை மறைத்துக் கார்கள் நிற்கும் இரண்டு பார்க்கிங் இடங்களை எடுக்க வேண்டும், கடக்கும் பாதையைத் தரையிலிருந்து உயர்த்த வேண்டும் என்று நகரசபைக்கு எழுதினார். பதிலுக்கு வந்தது, எட்டடிக் கம்பில் ஓர் ஆரஞ்சுக் கொடி. வண்டியைக் குட்டையாக்க முடியாதாம், மனிதரை உயரமாக்கலாமாம்.

சபைக் கூட்டத்தில் பொதுமக்கள் ஒவ்வொருவருக்கும் மூன்று நிமிடம். வாண்டா முறை வந்ததும் எழுந்து, "எல்லாரும் வெளிய வாங்க" என்றார்.

தலைவர் கெயில் ஹெண்டர்ஷாட் தயங்கினார். "வாண்டா, விதிப்படி இங்கதான் பேசணும்."

"மூணு நிமிஷம் என்னோடதுதானே கெயில்? நான் எங்க வேணா செலவு பண்ணுவேன்."

வெளியே, இன்னும் வெயில் இருந்தது. கூட்டத்துக்கு வந்திருந்த டாரெலின் வண்டியில் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கி ஏறி கெயில் உட்கார்ந்தார். வாண்டா மடக்கு நாற்காலியோடு முன்பக்கம் போனார்.

"நான் எங்க இருக்கேன், சொல்லு!"

"தெரியலயே. உள்ள போயிட்டீங்களா?"

"உனக்கு நேர் முன்னாடி உக்காந்து, உங்க சபை டோனட்டத் தின்னுக்கிட்டிருக்கேன்."

பிறகு மற்ற நான்கு உறுப்பினர்களையும் தன் பின்னால் வரிசையாகத் தரையில் உட்காரச் சொன்னார். ஒருவரையும் கெயிலுக்குத் தெரியவில்லை. கடைசியாக, யாரும் சொல்லாமலே, டாரெல் போய் வரிசையின் பின்னால் முழங்காலிட்டார்.

"ஒரு தொப்பி தெரியுது" என்றார் கெயில், மெதுவாக.

"அது என் தொப்பிங்க" என்றார் டாரெல். "எனக்கு முன்னாடி அஞ்சு பேர் இருக்காங்க."

உள்ளே போனதும் ரிக் என்ற உறுப்பினர் கேட்டார்: "அந்த ரெண்டு இடமும் போயிட்டா எதிர்க் கடைக்கு யார் வருவா?"

"நடந்து வருவாங்க ரிக். அதுக்குத்தான் கால்."

வாக்கெடுப்பில் மூன்றுக்கு இரண்டு. பார்க்கிங் இடங்கள் போயின. பாதை உயர்த்துவதை அடுத்த ஆண்டு பார்ப்பார்களாம். பாதி நியாயம்தான். வாண்டா அதை வாங்கிக்கொண்டு, மீதிக்கு அங்கேயே மறு மனு எழுதினார். வேலையை விடவில்லை.

டாரெல் வண்டியை விற்கவில்லை. கூரைத் தகடு ஏற்ற அவருக்கு அது வேண்டும். ஒரு பை காய்கறிக்கு மேல் எதையும் ஏற்றாதவர்களுக்கு எதற்கு என்றுதான் நான் கேட்கிறேன். ஆனால் திங்கட்கிழமை டாரெல் வண்டியை இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு, மகளின் கையைப் பிடித்து நடந்து வந்தார். முனை வெறிச்சென்று திறந்திருந்தது.

"மூச்சு வாங்குது மிஸ் வாண்டா."

"வாங்கட்டும். அங்கயே நில்லு, நான் சொன்னப்புறம் வா."